நாற்பதாவது அங்கி

எல்ம் ஃபோர்க்கில் ஆர்டிஸ் டோலஃப்ஸ்ருடைத் தெரியாதவர்கள் கிடையாது. பின்னாளில் ஊர் டெலிபோன் ஆபீஸில் உட்கார்ந்து "நம்பர் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தவள் அவள்தான். யார் வீட்டில் பிரசவம், யார் கொட்டகையில் தீ, எல்லாம் முதலில் அவள் காதில் விழுந்த பிறகுதான் மற்றவர்களுக்கு. பேசும்போது அப்படி ஒரு இதமான குரல். அந்தக் குரலை நம்பி யாராவது அவளைப் பாடச் சொன்னால் போச்சு. அவளும் லேசில் பாடிவிட மாட்டாள், அது ஊர் செய்த புண்ணியம்.

ஆனால் அவள் பள்ளிக்கூடத்துப் பாட்டுக் குழுவில் நாலு வருஷம் நின்றவள். கடைசி வரிசையில், வலது பக்கத்திலிருந்து மூன்றாவதாக. நம்புவதற்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனாலும் நடந்தது அதுதான்.

ஆர்டிஸ் பிறவியிலேயே கனவுக்காரி. மாட்டுக் கொட்டகைக்கு வாளியோடு போவாள், வாளியில்லாமல் திரும்பி வருவாள். வேலிக் கதவைத் திறந்துவிட்டு மேகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், மாடெல்லாம் பக்கத்து வயல் ஓட்ஸில் இறங்கி மேய்ந்துகொண்டிருக்கும். அவளுடைய அப்பா மெல்வின் அதிகம் பேசாத மனிதர். "மேலே என்னம்மா தெரியுது?" என்று கேட்டுவிட்டு மாடுகளை ஓட்டப் போய்விடுவார். திட்டுகிற வேலையையெல்லாம் அம்மா ஹில்டாதான் பார்த்துக்கொண்டாள்.

எங்கள் உயர்நிலைப் பள்ளியில் செவ்வாயும் வியாழனும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் மன்றங்களுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். பிள்ளைகள் எல்லாரும் எதிலாவது சேர்ந்தே ஆக வேண்டும். சேராதவர்கள் துணைத் தலைமையாசிரியர் முன்னால் வாசிப்பு அறையில் கைகட்டி உட்கார வேண்டும். அந்த அறையில் நாலு நாள் உட்கார்ந்தவனுக்கு ஊரில் பெண் கிடைக்காது என்று ஒரு பேச்சு இருந்தது. அதனால் லத்தீன் மன்றம், புகைப்பட மன்றம், இளம் விவசாயிகள், தபால்தலைக்காரர்கள், விவாதக்காரர்கள் என்று ஆளாளுக்கு ஒரு கதவைப் பிடித்துக்கொள்வார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் ஆர்டிஸ் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்தாள். லத்தீன் மன்றத்தார் படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு ரோமாபுரி விருந்து நடத்தியபோது, திராட்சைக் குலையைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடியே நின்றாள். மற்றவர்கள் சாப்பிட்டு முடித்து, பாத்திரம் கழுவி, வீட்டுக்கே போய்விட்டார்கள். சமையல் மன்றத்தில் கேக்கை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தாள். புகைப்பட மன்றத்தில் இருட்டறைக் கதவைத் திறந்து ஒரு மாத உழைப்பை வெளிச்சத்துக்குக் காட்டினாள். "நீ வரவேண்டாம்மா" என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள் வந்தால் எழுந்து நின்று பொருள்களைப் பத்திரப்படுத்தினார்கள், அவ்வளவுதான்.

அப்புறம்தான் ஒரு வியாழக்கிழமை உடற்பயிற்சிக் கூடத்தின் வழியாகப் போனாள். பாட்டுக் குழு அங்கேதான் பயிற்சி செய்யும். உயரத்து ஜன்னல்கள் வழியாக வெயில் சாய்வாக இறங்கி, மெழுகு பூசிய மரத்தரையில் குளம்போல் தேங்கிக் கிடந்தது. கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே பெண்கள் நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். ஆர்டிஸ் கதவோரம் நின்றாள். மணி அடித்தது தெரியவில்லை. அடுத்த வகுப்புப் பையன்கள் பந்தோடு உள்ளே ஓடி வந்து இடித்தபோதுதான் சுயநினைவு வந்தது.

பாட்டு டீச்சர் மிஸ் லெனோர் ப்ரூயிட் அவளைப் பியானோ பக்கத்தில் நிற்கவைத்துப் பாடச் சொன்னார். ஆர்டிஸ் பாடினாள். மிஸ் ப்ரூயிட் வாசிப்பதை நிறுத்தினார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், இன்னொரு தரம் பாடச் சொன்னார். மோசமான குரல் என்றுகூடச் சொல்ல முடியாது. பியானோ ஒரு பக்கம் போனால் இவள் கீழே வேறொரு பாதையில், ஒரே சுருதியில், நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தாள்.

வேறு யாராக இருந்தாலும் அன்றோடு அனுப்பியிருப்பார். ஆனால் அந்த வருஷம் தாய்மார்கள் கூடிப் பாட்டுக் குழுவுக்கு நீல அங்கி தைத்திருந்தார்கள். துணி மிச்சமாகிறதே என்று நாற்பது தைத்துவிட்டார்கள். பாடுகிறவர்கள் முப்பத்தொன்பது பேர். கடைசி வரிசையில் உயரமான பெண் ஒருத்தி குறைந்து, விழுந்த பல்லைப்போல் ஓர் இடைவெளி. ஆர்டிஸ் பதினான்கு வயதிலேயே கதவுச் சட்டத்தைத் தொடுகிற உயரம்.

"இங்க பாரும்மா, உனக்கு உயரம் இருக்கு, நிக்கற அழகு இருக்கு, ஆசையும் இருக்கு" என்றார் மிஸ் ப்ரூயிட். "நீ வாய மட்டும் அசை. சத்தம் வேண்டாம். சம்மதமா?"

அதைக் கேட்டு அழுதுகொண்டு ஓடுகிற பிள்ளைகள் உண்டு. ஆர்டிஸ் தலையாட்டிவிட்டு அங்கியை வாங்கிக்கொண்டாள். அந்தப் பாட்டுக்கு நடுவில் நிற்கக் கிடைக்கிறதே, அது போதாதா என்றுதான் அவளுக்கு இருந்தது.

அப்படி ஆரம்பித்ததுதான். வார்த்தை ஒன்று விடாமல் எல்லாப் பாட்டும் அவளுக்கு மனப்பாடம். எங்கே மூச்சு எடுக்க வேண்டும், எங்கே உதட்டைக் குவிக்க வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. முன்னால் முப்பது தலை, இரண்டு பக்கமும் தோளோடு தோள். பாட்டு எழும்பும்போது அது நெஞ்செலும்பில் வந்து தட்டும், பாதம் வழியாக மரப்பலகையிலிருந்து ஏறும். கொஞ்ச நேரத்தில் அது தன் குரல்தான் என்று அவளுக்குத் தோன்றிவிடும். வீட்டில் பால் கறக்கும்போதும் அந்த முப்பத்தொன்பது குரலும் அவளுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். பால் வாளியைத் தாண்டி வழியும்.

விஷயம் தெரிந்த இன்னொரு ஆள் பக்கத்தில் நின்ற டெல்ஃபா ரூட். தோழிதான், ஆனால் நாக்கு நீளம். "உன் பக்கத்துல நிக்கறதும் உடைஞ்ச ஜன்னல் பக்கத்துல நிக்கறதும் ஒண்ணுடி. வெறும் காத்துதான் வருது" என்பாள். வெளியே மட்டும் மூச்சு விடமாட்டாள். ஊர் ஜனங்களோ வேறு ரகம். கச்சேரி முடிந்து தேவாலயத்துக் கீழ்க்கூடத்தில் காப்பி குடிக்கும்போது போதகரின் மனைவி ஆர்டிஸின் கையைப் பிடித்து, அவளுடைய குரல் மட்டும் தனியாக மணி மாதிரி கேட்டதாகச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள். ஹில்டாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

மெல்வின் ஒரு கச்சேரிக்கும் வந்ததில்லை. கச்சேரி நேரமும் கறவை நேரமும் ஒன்று, மாட்டுக்குப் பாட்டைப் பற்றி என்ன தெரியும். ஹில்டா திரும்பி வந்து கோட்டைக் கழற்றும்போதே விவரம் கேட்பார். என்ன பாடினார்கள், இவள் எங்கே நின்றாள், ஜனங்கள் எப்படிக் கை தட்டினார்கள் என்று ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டுப் படுக்கப் போவார். அந்தத் தலையாட்டலைப் பார்க்கும்போது மட்டும் ஆர்டிஸ் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாக ஒரு குறுகுறுப்பு.

கடைசி வருஷக் குளிர்காலத்தில்தான் வந்தது வினை. அந்த ஆண்டு படிப்பு முடித்துப் போகிறவர்களின் நினைவாகப் பாட்டுக் குழு ஓர் இசைத்தட்டுப் போடும் என்று பள்ளியில் அறிவித்தார்கள். மினியாபொலிஸ் நகரத்திலிருந்து ஒலிப்பதிவுக்காரர் வருவாராம். வீட்டுக்கு ஒரு தட்டாம். ஊரெல்லாம் அதே பேச்சு.

அன்று இரவுச் சாப்பாட்டில் மெல்வின் கரண்டியைக் கீழே வைத்தார். "நாலு வருஷமா உங்கம்மா வாயால கேட்டேன். இப்ப என் காதால கேக்கப் போறேன்" என்றார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதே அந்த மாதத்தில் அதுதான் முதல் தடவை. மறுவாரமே தன் தம்பி வீட்டிலிருந்து பழைய கிராமபோன் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து சமையலறை அலமாரி மேல் வைத்து, தூசி படாமல் துண்டு போட்டு மூடினார். போட ஒரு தட்டுகூட வீட்டில் கிடையாது. ஆனாலும் தினமும் காலையில் துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மூடுவார். பாவம் ஆர்டிஸ், இத்தனை நாள் மேகத்தில் நடந்தவளுக்கு முதல்முறையாகத் தரை தெரிந்தது. அந்தத் தட்டில் அப்பா அவளைத் தேடுவார். அவள் அதில் இருக்க மாட்டாள்.

பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகு அவள் மிஸ் ப்ரூயிட்டிடம் போய் நின்றாள். ஒரே ஒரு வரி, கடைசிப் பாட்டில், மெதுவாகப் பாடிக்கொள்ளலாமா என்று கேட்டாள். மிஸ் ப்ரூயிட் பியானோவை மூடிவிட்டு அவளை உட்காரச் சொன்னார். நல்ல மனுஷிதான், அதனால்தான் சொன்னது அதிகமாக வலித்தது.

"பதிவு அன்னிக்கு நீ வரவே வேண்டியதில்லம்மா. மைக்குக்கு மூஞ்சியா தெரியப் போகுது? வீட்ல இருந்து ஓய்வெடு."

ஆர்டிஸ் "சரி டீச்சர்" என்றாள். பதிவு அன்று அங்கியைப் போட்டுக்கொண்டு வந்து தன் இடத்தில் நின்றாள். மிஸ் ப்ரூயிட் பார்த்தார். பியானோ முன்னால் போய் உட்கார்ந்தார்.

வெளியே மூக்கு உதிர்ந்துவிடும் குளிர். கூடத்துக்குள் நீராவிக் குழாய்கள் கதகதவென்று இருந்தன, ஜன்னல் கண்ணாடியெல்லாம் வியர்த்திருந்தது. ஒலிப்பதிவுக்காரர் ஒல்லியான மனிதர், காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தார். முதல் பாட்டு முடிந்தது, அடுத்ததும் முடிந்தது. கடைசியாகப் பள்ளிக்கூடப் பாட்டு. ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரிந்த பாட்டு. ஏரியும் எல்ம் மரங்களும் வரும், நாங்கள் எங்கே போனாலும் உன்னை மறக்க மாட்டோம் என்று வரும்.

கடைசிச் சரணம் வந்தது. ஆர்டிஸ் வாயைத் திறந்தாள், பாடினாள். முதலில் அவளுக்கே அது நிஜமா என்று தெரியவில்லை. நாலு வருஷமாக உள்ளே கேட்ட குரல் இது இல்லை. இது தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டின் சத்தம். ஆனாலும் தொண்டையில் அது அதிர்ந்தது, சூடாக இருந்தது, சொந்தமாக இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு வரி முடியும்வரை பாடினாள்.

ஒலிப்பதிவுக்காரர் கையைத் தூக்கினார். பாட்டு நின்றது.

"ஏதோ ஒண்ணு ரீங்காரம் போடுது மேடம்" என்றார். "கீழ் ஸ்தாயில. மோட்டார் மாதிரி."

டெல்ஃபா கையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். மிஸ் ப்ரூயிட் தலையைத் தூக்கி நேராகக் கடைசி வரிசையைப் பார்த்தார். அவ்வளவுதான், முப்பத்தொன்பது பேர் முன்னால் மானம் போகிறது என்று ஆர்டிஸ் நினைத்தாள்.

"நீராவிக் குழாய்தான்" என்றார் மிஸ் ப்ரூயிட். "ரொம்ப நாளாவே அதுக்குத் தொண்டை சரியில்ல. நிறுத்தச் சொல்றேன்."

பள்ளிக் காவலாளி எமில் வந்தார். தன் கொதிகலன் பூனைக்குட்டி மாதிரி சத்தமில்லாமல் தூங்குகிறது என்று அடித்துச் சொன்னார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று முணுமுணுத்தார். மிஸ் ப்ரூயிட் அசையவில்லை. கடைசியில் எமில் போய் நீராவி வால்வை மூடினார். அரைமணி நேரத்தில் கூடம் ஐஸ் பெட்டியாகிவிட்டது. பெண்களுக்குப் பல் தந்தியடித்தது. அங்கிக்குள் கையை மறைத்துக்கொண்டு, ஒருத்தியோடு ஒருத்தி ஒட்டி நின்றார்கள். யாருக்காக இந்தக் குளிர் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆர்டிஸுக்குத் தெரியும்.

மறுபடி பாடினார்கள். ஒவ்வொரு வாயிலிருந்தும் வெள்ளையாக மூச்சு எழுந்து, சாய்ந்த வெயிலில் மிதந்து, பந்து வளையத்தைத் தாண்டி மேலே போயிற்று. ஆர்டிஸ் வாயை மட்டும் அசைத்தாள். அவள் மூச்சும் மற்றவர்களுடையதுபோலவே வெள்ளையாகப் புறப்பட்டு அவற்றோடு கலந்தது. எதில் பாட்டு இருக்கிறது, எதில் இல்லை என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒலிப்பதிவுக்காரர் கட்டை விரலை உயர்த்தினார், சுத்தமாக வந்துவிட்டது என்றார். முந்தைய பதிவை அவர் அப்போதே அழித்துவிட்டார். அவள் பாடிய ஒரே வரி அதோடு போயிற்று.

அங்கிகளை மாட்டும்போது மிஸ் ப்ரூயிட் பக்கத்தில் வந்து நின்றார். "எனக்கும் மனசு கேக்கல ஆர்டிஸ். ஆனா மத்தவங்க பாட்டையும் நான் பாக்கணும் இல்லையா?" என்றார். ஆர்டிஸ் தலையாட்டினாள். அவர் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அப்பாவிடம் என்ன சொல்வது என்பதுதான் தோன்றவில்லை.

தட்டு மார்ச்சில் வந்தது. கூரைப் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்த சாயங்காலம். மெல்வின் அன்று சீக்கிரம் கறந்து முடித்து, கழுத்துவரை சோப்புப் போட்டுக் கழுவி, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். சமையலறையில் நாற்காலியைக் கிராமபோன் பக்கம் இழுத்துப் போட்டார். ஹில்டா காப்பியும், வெண்ணெய் தடவிச் சுருட்டிய உருளைக்கிழங்கு ரொட்டியும் எடுத்து வைத்தாள். ஆர்டிஸ் கதவருகே நின்றாள்.

பள்ளிக்கூடப் பாட்டு இருந்த பக்கத்தைத்தான் முதலில் போட்டார். கரகரவென்று கொஞ்சம் இரைச்சல், பிறகு அந்தக் குளிர்ந்த கூடம் முழுவதும் சமையலறைக்குள் வந்தது. மெல்வின் காதைப் பெட்டியிடம் சாய்த்துக் கண்ணை மூடினார். பாத்திரம் தொலைத்தவன் கிணற்றில் துழாவுவதுபோல் அவர் முகம் ஒவ்வொரு குரலாகத் துழாவியது. இரண்டாவது சரணத்தில், குழுவிலேயே நன்றாகப் பாடுகிற கொரின் ஹாவ்லண்டின் குரல் மட்டும் தனியாக மேலே ஏறியது. மெல்வின் விரலைத் தூக்கினார். கண் திறந்தார். கண்ணில் தண்ணீர்.

"இதானே? இதானேம்மா நீ?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அவர் செத்துப்போகிற வரைக்கும் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பார். அது அவள் நாக்கு நுனிவரை வந்தது.

"இல்லப்பா. அது கொரின்" என்றாள். "நான் அதுல எங்கயும் இல்லப்பா."

"எப்படிடி இல்லாம போவ?" என்றாள் ஹில்டா. "நாலு வருஷமா என் ரெண்டு கண்ணால பாத்தேனே, நீ வாயத் திறந்து பாடினத!"

"வாய் மட்டும்தாம்மா."

மெல்வின் ஊசியைத் தூக்கினார். ஆர்டிஸ் எல்லாவற்றையும் சொன்னாள். நாற்பது அங்கி, முதல் நாள் பேசிய பேச்சு, நீராவிக் குழாய், எல்லாம். ஹில்டாவின் முகம் சிவந்தது. நாளைக்கே போய் அந்த டீச்சரை நாலு கேள்வி கேட்கிறேன், போதகர் மனைவி முகத்தில் எப்படி முழிப்பேன் என்று ஆரம்பித்தாள். மெல்வின் அவள் பக்கம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நாலு வருஷமுமா?" என்று கேட்டார்.

"ஆமாம்ப்பா."

"பின்ன ஏம்மா அங்க போய் நின்ன?"

ஆர்டிஸுக்கு அழுகை வந்துவிட்டது. "அவங்க நடுவுல நிக்கறப்ப எனக்கு அவ்வளவு நல்லா இருந்துச்சுப்பா. வேற எங்கயும் எனக்கு அப்படி இருந்ததே இல்ல."

மெல்வின் ஊசியை மறுபடி தட்டின் ஆரம்பத்தில் வைத்தார்.

"இப்ப பாடு" என்றார்.

"நல்லா இருக்காதுப்பா."

"நல்லா பாடறதுக்குத்தான் அதுல முப்பத்தொன்பது பேர் இருக்காங்களே. நீ பாடு."

பாடினாள். முதலில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பயந்துகொண்டு பாடினாள். தட்டிலிருந்த பெண்கள் ஒரு பக்கம் போனார்கள், அவள் கீழே தன் பாதையில் போனாள். ஹில்டா காப்பிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி கணவனைப் பார்த்தாள், இந்த மனுஷன் எப்படித் தாங்குகிறார் என்று. ஏரி வந்தது, எல்ம் மரங்கள் வந்தன. ஆர்டிஸுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது, குரலைத் தூக்கினாள்.

இரண்டாவது சரணத்தில் அவள் குரல் இரட்டித்தது. தன் குரல்தான் எங்கோ மோதித் திரும்புகிறது என்று முதலில் நினைத்தாள். அதே ரீங்காரம், அதே ஒரே சுருதி, இன்னும் கொஞ்சம் கீழே. திரும்பிப் பார்த்தாள். அப்பா பாடிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் அவர் பக்கத்தில் நின்றிருக்கிறாள். ஒரே பாட்டுப் புத்தகத்தை இரண்டு பேரும் பிடித்திருக்கிறார்கள். அவர் உதடு அசைவதை ஆயிரம் தரம் பார்த்திருக்கிறாள். அவர் பாடி அவள் கேட்டதே இல்லை என்பது அந்த நிமிஷம்தான் அவளுக்கு உறைத்தது.

"கடவுளே, நீங்களுமா?" என்றாள் ஹில்டா, கோப்பையைக் கீழே வைத்து.

மெல்வின் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, கடைசிச் சரணத்துக்குள் போனார். ஆர்டிஸ் கதவை விட்டு வந்து அவர் நாற்காலி பக்கத்தில் நின்று, அவரோடு சேர்ந்து பாடினாள்.